சர்வேசுரனுக்கு ஆறு லட்சணம்

எட்டாங்கிளாஸ்ல என் பக்கத்துல உக்காந்திருந்தவன் உளுந்தூர்பேட்டைப் பக்கத்து கிராமத்துப் பையன். கத்தோலிக்கக் குடும்பம். கள்ளக்குறிச்சியில சொந்தக்காரங்க வீட்டுல தங்கிப் படிச்சான். பதினாறாம் வாய்ப்பாடு அவனுக்கு கடைசி வரைக்கும் வரல. ஆனா "சர்வேசுரனுக்கு எத்தனை லட்சணம்?"னு கேட்டா தூக்கத்துலயும் "ஆறு"ன்னு சொல்லி, ஆறையும் மூச்சு விடாம ஒப்பிப்பான். அவங்க ஆயா சொல்லிக் கொடுத்தது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

டிஸ்கி: நான் கிறிஸ்தவன் இல்லை. இது மதப் பிரச்சாரமும் இல்லை, மத எதிர்ப்பும் இல்லை. அந்த ஆறு எங்கிருந்து எங்க ஊர்ப் பக்கம் வந்துச்சுன்னு தேடிப் போன கதை. பொறுமை உள்ளவங்க தொடரலாம் :-)

முதல்ல ஆறும் என்னன்னு பார்த்துடுவோம். பழைய ஞானோபதேசப் புத்தகங்கள்ல இருக்கிற கருத்தை என் வார்த்தையில சொல்றேன். ஒண்ணு, அவரை யாரும் உண்டாக்கல, தானாகவே இருக்கிறவர். ரெண்டு, தொடக்கமும் முடிவும் கிடையாது. மூணு, உடம்பு கிடையாது. நாலு, எல்லா நன்மையும் அளவில்லாம நிறைஞ்சவர். அஞ்சு, எங்கேயும் இருக்கிறவர். ஆறு, எல்லாத்துக்கும் முதல் காரணம். அவ்வளவுதான். எழுத்தறியாத ஒரு கிழவி நாக்குல இது மூணு தலைமுறையைத் தாண்டி வந்திருக்கு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள்ல தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் எழுதின இறையியலை வருஷக்கணக்கா உக்காந்து படிப்பாங்களே, அதோட சாறு இது.

இதைத் தமிழுக்குக் கொண்டு வந்ததுல பெரிய பங்கு இராபர்ட் தெ நொபிலிக்கு. தத்துவ போதகர்னு தமிழ்ல பேர். இத்தாலிக்காரர், சேசு சபைத் துறவி, 1606-இல் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்னாடியும் தமிழ்ல கிறிஸ்தவம் இருந்துச்சு. அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகள் 1578-இல் கொல்லத்தில் அச்சடிச்ச 16 பக்கப் புத்தகத்தோட பேரே 'தம்பிரான் வணக்கம்'. அதாவது அப்போ கடவுளுக்குத் தமிழ்ல கிடைச்ச வார்த்தை தம்பிரான். நல்ல வார்த்தைதான். ஆனா மடத்துல இருக்கிறவரும் தம்பிரான், கோயில்ல இருக்கிற சாமியும் தம்பிரான். நொபிலி காலத்துல வேரூன்றின வார்த்தை சர்வேசுரன். சர்வத்துக்கும் ஈசுவரன். ஈசுவரன்கள் பல பேர் இருக்கிற ஊர்ல, எல்லாருக்கும் மேல ஒருத்தர்னு சொல்றதுக்கு இது வசதி.

வார்த்தையை மாத்தினதோட அவர் நிறுத்தல. 'கடவுள் நிர்ணயம்'னு அவர் பேர்ல ஒரு நூல் இருக்கு. அதோட போக்கு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. "என் சாமிதான் உசத்தி"ன்னு ஆரம்பிக்கிறதில்ல. கடவுள்னு ஒருத்தரைச் சொன்னா அவருக்கு என்னென்ன லட்சணம் இருந்தே ஆகணும்? முதல்ல அதை ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணுவோம், அப்புறம் யாருக்குப் பொருந்துதுன்னு பார்ப்போம், இதுதான் முறை. பொண்ணு பார்க்கப் போறதுக்கு முன்னாடி இன்னின்ன இருக்கணும்னு பட்டியல் போட்டுக்கிட்டுப் போற மாதிரின்னு வெச்சுக்குங்களேன். பட்டியலைப் போட்டவரே மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்பதுதான் இதுல சூட்சுமம்! பிறந்து, கல்யாணம் பண்ணி, சண்டை போட்ட தெய்வங்கள் எல்லாம் ரெண்டாவது மூணாவது லட்சணத்துலயே கழிஞ்சு போயிடும். அப்போ மரியாளுக்குப் பிறந்த யேசு? அதுக்கும் பதில் வெச்சிருந்தாங்க. தேவ சுபாவத்துல உடம்பு இல்ல, மனுஷனா வந்தப்போ எடுத்துக்கிட்டார்னு. அதுக்கு அவங்க பயன்படுத்தின வார்த்தை மனுஷாவதாரம். அவதாரத்தை மறுக்க வந்தவங்களுக்கு அவதாரம்ங்கிற வார்த்தை இல்லாம முடியல.

நொபிலி 1623-இல் மதுரையை விட்டு வடக்கே கிளம்பி சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். சேலம் கல்வராயன் மலைக்கு மேற்கே. மலைக்கு இந்தப் பக்கம், கிழக்கே, அடுத்த நூற்றாண்டில் வந்தவர் வீரமாமுனிவர். விருத்தாசலம் பக்கத்து கோணான்குப்பத்துல பெரியநாயகி மாதா கோயில் அவர் எழுப்பினது. கள்ளக்குறிச்சியில இருந்து காலையில கிளம்பினா மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம். நம்ம ஊர் அம்மன் மாதிரி பட்டுப் புடவையோட நிக்கிற மாதாவை முதல் தடவை பார்த்தப்போ, மூணாவது லட்சணத்தை, அதான் உடம்பில்லாததை, ஒப்பிச்ச ஆயா இங்கே வந்து எப்படிக் கும்பிட்டிருக்கும்னு யோசிச்சேன். மாதா கடவுள் இல்லைன்னு ஆயாவுக்கு நல்லாவே தெரியும். அதையும் அதே புத்தகம்தான் சொல்லிக் கொடுத்திருக்கு.

வீரமாமுனிவர் திருக்குறளோட அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீன்ல மொழிபெயர்த்தவர். முதல் அதிகாரத்துலயே 'எண்குணத்தான்' வந்து நிக்குது இல்லையா? பரிமேலழகர் சைவ ஆகமத்தை வெச்சு எட்டையும் எண்ணிக் காட்டுவார்: தன்வயம், தூய உடம்பு, இயற்கை உணர்வு, முற்றும் உணர்தல், பாசங்கள்ல இருந்து இயல்பாவே நீங்கியிருக்கிறது, பேரருள், முடிவில்லா ஆற்றல், வரம்பில்லா இன்பம். இந்த எட்டையும் அந்த ஆறையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வெச்சு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா பார்த்துக்கிட்டிருந்தேன் (வீட்டம்மா மாவு அரைக்கச் சொன்னதை மறந்து வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை).

தன்வயமும் 'தானாயிருத்தலும்' கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. ஆனா அங்கே தூய உடம்பு, இங்கே உடம்பே இல்ல. அங்கே பாசம் நீங்கினவர்; இங்கே பாசம்ங்கிற பேச்சே எழல, ஏன்னா பாசம்னு ஒண்ணு ஆதியில இருந்தே கூட இருக்குங்கிற கணக்கு இவங்ககிட்ட இல்ல. எல்லாத்துக்கும் காரணம் அவர் ஒருத்தர்தான், அது ஆறாவது. சைவ சித்தாந்தத்துல பதி, பசு, பாசம் மூணுமே அநாதி. கிறிஸ்தவத்துல அநாதி ஒண்ணே ஒண்ணு. ரெண்டு மதத்துக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் எனக்கு இந்த இடத்துலதான் புரிஞ்சுது.

இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. எட்டுல பேரருள் தனியா இருக்கு. ஆறுல அன்பு, இரக்கம்னு தனியா ஒண்ணு இல்ல. நாலாவதான நன்மைக்குள்ள அடங்கிடுச்சுன்னு சொல்வாங்க. கடவுளே அன்புதான்னு யோவான் எழுதின முதல் கடிதத்துல இருக்கு. அப்படி இருந்தும் மனப்பாடப் பட்டியல்ல அதுக்குத் தனி நம்பர் இல்ல. இது பக்தனோட பட்டியல் இல்லை, விவாதம் பண்ணப் போறவனோட பட்டியல்னுதான் எனக்குத் தோணுது.

வார்த்தைகள் அப்புறமும் மாறிக்கிட்டே இருந்துச்சு. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு, தமிழர்கள் எல்லாத்துக்கும் மேல ஒரு 'பராபரவஸ்து'வைப் பேசுறாங்கன்னு ஆச்சரியப்பட்டு எழுதி வெச்சார். பின்னாடி பப்ரிசியஸ் மொழிபெயர்ப்புல பராபரன் வந்தார். 1871-இல் பவர் ஐயர் குழு மொழிபெயர்ப்புல தேவன் வந்தார், இன்னைக்கும் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகள்ல அவர்தான். தேவன்னா தேவர்கள்ல ஒருத்தர்தானேன்னு தமிழ்க் காதுக்குத் தோணும், ஆனாலும் நிலைச்சது அதுதான். பேர் 'ன்'ல முடியும், வினை மட்டும் 'ஆர்'ல முடியும். "தேவன் வந்தார்"னு சொல்லுவாங்களே தவிர "வந்தான்"னு சொல்ல மாட்டாங்க. ஒருத்தர்தான்னும் சொல்லணும், மரியாதையும் குறையக் கூடாது! கத்தோலிக்கர்கள் பக்கம் 1995-இல் வந்த திருவிவிலியத்துல கடவுள், ஆண்டவர். சர்வேசுரன் இப்போ வயசானவங்க ஜெபத்துல மட்டும். பரிசுத்த ஆவிக்குப் போர்த்துக்கீசியத்துல இருந்து வந்த 'இஸ்பிரீத்து சாந்து'வும் அப்படியே. நண்பனோட ஆயா கடைசி வரைக்கும் இஸ்பிரீத்து சாந்துதான்.

இப்போ அஞ்சாவதுக்கு வரேன். எங்கேயும் இருக்கிறவர்.

எங்க வீட்டு மாடியில நின்னா மேற்கே கல்வராயன் மலை தெரியும். மலைமேல கரியராமன் கோயில் இருக்கு, அங்கே இருக்கிற மலையாளி மக்களோட தெய்வம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் பதிவு பண்ணின ஒரு கதை: கரியராமன் முதல்ல காஞ்சிபுரத்துலதான் இருந்தாராம். அங்கே இருக்க அவருக்கு சௌகரியப்படல. கிளம்பிட்டார். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன்னு மூணு பேர் குடும்பத்தோட அவர் பின்னாடியே கிளம்பி சேலம் சீமைக்கு வந்து, ஆளுக்கொரு பக்கமா மலைகள்ல குடியேறினாங்க. மலைவாழ் மக்கள் தங்களோட வரலாற்றையே இப்படித்தான் சொல்றாங்க. ஊர் பிடிக்கலன்னா காலி பண்ணிட்டுக் கிளம்புற சாமி. பின்னாடியே போற ஜனம்.

அஞ்சாவது லட்சணம் உள்ள கடவுளால இது முடியாது. எங்கேயும் இருக்கிறவர் எங்கேயிருந்து எங்கே கிளம்புவார்? இந்தத் தெருவுல இருக்கப் பிடிக்கலைன்னு சொல்ல அவருக்கு வழியில்ல. தத்துவமா இது உசத்திதான். ஆனா எங்க மாவட்டத்துல இந்த ஒரு லட்சணம் பட்ட பாடு இருக்கே!

நொபிலி பூணூலோட சந்நியாசி வேஷத்துல உயர்சாதிக்காரங்களை மட்டும் அணுகினார். மத்தவங்களுக்குன்னு 1640-இல் பல்தசார் த கோஸ்தா பண்டாரசுவாமி ஆனார். ரெண்டு விதமான குரு, ஒரே ஞானோபதேசம். 1704-இல் ரோமில் இருந்து தூர்னோன்னு ஒரு தூதர் பாண்டிச்சேரிக்கு வந்து போட்ட உத்தரவுல ஒண்ணு, சாகக் கிடக்கிற பறையர்களோட வீட்டுக்குள்ள போய் குருக்கள் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கணும்னு. அப்படி ஒரு உத்தரவு போடணும்னா அதுவரைக்கும் வாசல்ல என்ன நடந்துச்சுன்னு யூகிச்சுக்கலாம். சேசு சபைக்காரங்க, அப்படிப் போனா மத்த சாதிக்காரங்க எங்களை உள்ளே விட மாட்டாங்கன்னு வாதாடினாங்க. நாப்பது வருஷ இழுபறிக்கு அப்புறம் 1744-இல் போப் 14ஆம் ஆசீர்வாதப்பர் காலத்துல முடிவு வந்துச்சு: தாழ்த்தப்பட்டவங்களுக்குன்னே தனிக் குருக்களை வெச்சுக்கலாம். கடவுள் எல்லா வீட்டுலயும் இருக்கார்னு சொல்லிக் கொடுத்தவங்களால அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்ட முடியல. நொபிலியோட தமிழை நான் எவ்வளவு ரசிச்சாலும் இந்த இடத்துல அவரை மன்னிக்க மனசு வரல. தர்க்கத்துல யாருக்கும் விட்டுக் கொடுக்காத மனுஷன், இதுல விட்டுக் கொடுத்துட்டார்.

இது பழங்கதை இல்லைங்க. உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூர். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனப்போ எங்க மாவட்டத்துக்குள்ள வந்த ஊர், அதுக்கு முன்னாடி விழுப்புரம் மாவட்டம். பெரிய கத்தோலிக்க ஊர். ஜெபமாலை அன்னை கோயில் பங்குக் கோயில். தலித் கிறிஸ்தவர்கள், தங்களோட சகாய மாதா கோயிலைத் தனிப் பங்கா அறிவிக்கணும்னு கேட்டாங்க. 2008 மார்ச்சில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் வெடிச்சு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க. ரெண்டு பக்கத்துக்காரங்களும் சின்ன வயசுல அதே ஆறைத்தான் ஒப்பிச்சிருப்பாங்க.

தனிப் பங்கு கேட்டது பிரிவினைன்னு அப்போ சில பேர் எழுதினாங்க. எனக்கு அப்படித் தோணல. எங்கேயும் இருக்கிறவர் அந்தத் தெருவுலயும் முழுசா இருக்கார், அந்தக் கோயிலையும் முழுக் கோயிலா ஒத்துக்கங்கன்னு கேட்ட மாதிரிதான் பட்டுச்சு. அஞ்சாவது லட்சணத்தை மனப்பாடத்தோட விடாம அர்த்தத்தோட எடுத்துக்கிட்டவங்க அவங்கதான்னு சொல்லலாம்.

அந்த வாரம் நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் ஊர் வேற, ஆனா சொந்தபந்தம் எல்லாம் அந்தப் பக்கம். ரொம்ப நேரம் பேசல. ஆயா எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். "ரெண்டு வருஷம் ஆச்சுடா போய்"னான். எங்கே அடக்கம் பண்ணீங்கன்னு வாய் வரைக்கும் வந்த கேள்வியை முழுங்கிட்டேன். அவனே சொன்னான், "எங்க பக்கத்துக் கல்லறையிலதான், வேற எங்கே?"ன்னு.

அந்த ஆறையும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். நாலு சொன்னான். அஞ்சாவதுல கொஞ்சம் நின்னு, அப்புறம் ஆறாவதையும் சேர்த்தே சொல்லி முடிச்சான்.

வேற மாவட்டத்துல வளர்ந்த கத்தோலிக்க நண்பர்கள் யாராவது படிச்சா, உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கொடுத்ததும் இதே ஆறுதானா, இதே வரிசைதானான்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.