வாவிக்கு அக்கரையில் இருந்த தொழிற்கல்வி

பழுகாமத்துப் பிள்ளைகளான எமக்குப் பலதும் அக்கரையில்தான். பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடிக்குப் போய்வந்தது போலவே, ஒரு தொழில் பழகவும் படுவான்கரையை விட்டுப் புறப்பட வேண்டியிருந்தது.

மட்டக்களப்பில் தொழிற்கல்வி வளர்ந்ததில் வெளிநாட்டாருக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து 1948இல் இங்கு வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளாரைப் பலர் கூடைப்பந்துப் பயிற்றுநராகவே அறிவார்கள். அவர் ஈஸ்டர்ன் டெக்னிக்கல் இன்ஸ்ரிரியூட்டின் இயக்குநராகவும் இருந்தார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்துசேரவில்லை. உடன் வந்த தமிழ் இளைஞனும் வரவில்லை. அந்த வருடம் எமது வீடுகளிலும் போனவர்கள் திரும்பவில்லை. அதனால் அவரைப் பிறத்தியாராக எண்ண எம்மால் முடிவதில்லை.

அரசுகள் செய்த உதவி வேறு வழியில் வந்தது. 1950இல் கொழும்பு மாநாட்டில் பிறந்த கொழும்புத் திட்டம் வெளிநாடுகளில் பயிற்சி பெற வழி திறந்தது. மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் இ.போ.ச. பஸ்களைத் திருத்துவோருக்கெனத் தொடங்கிய பயிற்சிதான் இன்று மொறட்டுவையில் பெரிய நிறுவனமாக நிற்கிறது.

இதிலெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? தையல்தான். அதை இழிவாகச் சொல்லவில்லை. மெசின் மிதித்தே பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் எம்மிடையே உண்டு. ஆனால் 2004 சுனாமிக்குப் பின்னும், யுத்தம் முடிந்த பின்னும் வந்தவர்களில் பலர் திரும்பவும் தையல் மெசினையே தந்தார்கள். ஓர் ஊரில் எத்தனை பேர்தான் சட்டை தைத்துப் பிழைப்பது? மிச்சப்பேர் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போனார்கள்.

ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு உருவான என்.வி.கியூ. முறையை நாம் பெரிதாக மதிக்கிறோம். ஏழு மட்டங்கள் கொண்ட அந்த முறையில், வகுப்புக்கே போகாமல் வேலை செய்து பழகியவளும் தன் திறமையைக் காட்டிச் சான்றிதழ் பெறலாம்.

2016இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மனியின் உதவியோடு தொழிற்பயிற்சி நிறுவனம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கு விடுதியும் உண்டு. விடுதி உண்டென்றால்தான் எமது அப்பாமார் யோசிக்கவாவது செய்வார்கள்! நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை, இப்படித் தூர இடம் போய் மின்வேலையோ மோட்டார் வேலையோ பழக விரும்பும் இரண்டு பிள்ளைகளின் பயணச் செலவுக்கு ஒதுக்கலாமா என்று எம்மில் சிலர் கேட்டிருக்கிறோம். சங்கம் இன்னும் பதில் சொல்லவில்லை.