தனிநபர் மூச்சுப் பகுப்பாய்விகளின் நம்பகத்தன்மை

தனிநபர் மூச்சுப் பகுப்பாய்வி என்பது, மது அருந்திய ஒருவர் தன் குருதியிலுள்ள மதுவின் அளவைத் தானே மதிப்பிட்டுக் கொள்வதற்காக விற்கப்படும் சிறிய கருவியாகும். பேச்சுவழக்கில் இது பிரெத் அனலைசர் எனவும் பிரெத்தலைசர் எனவும் அழைக்கப்படுகிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தத்தக்க கண்ணாடிக் குழாய்கள், சாவிக்கொத்தில் மாட்டக்கூடிய மின்னணுக் கருவிகள், திறன்பேசியுடன் இணைந்து இயங்கும் கருவிகள் எனப் பல வடிவங்களில் இவை கிடைக்கின்றன.

இக்கருவிகள் இருவகைப் பிழைகளைச் செய்யக்கூடும். ஒன்று, சட்ட வரம்புக்குள் இருப்பவரை வரம்பை மீறியவராகக் காட்டுதல். மற்றொன்று, வரம்பை மீறியவரை வரம்புக்குள் இருப்பவராகக் காட்டுதல். முன்னதால் ஏற்படும் இழப்பு ஒரு வாடகைக் காரின் கட்டணம். பின்னதால் உயிரே போகலாம். ஆகவே "இக்கருவி இத்தனை விழுக்காடு துல்லியமானது" என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு இவற்றின் நம்பகத்தன்மையை மதிப்பிட இயலாது. எந்தத் திசையில் தவறுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடிப்படைக் கோட்பாடு

குடித்த மதுவிலுள்ள எத்தனால், இரைப்பையிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் குருதியில் கலக்கிறது. குருதி நுரையீரலின் நுண்ணறைகளைச் சுற்றிச் செல்லும்போது, அதிலுள்ள எத்தனாலின் ஒரு சிறு பகுதி ஆவியாகி மூச்சுக்காற்றில் சேர்கிறது. மாறாத வெப்பநிலையில், நீர்மத்தில் கரைந்துள்ள வளிமத்தின் செறிவும் அதன்மேல் உள்ள காற்றில் அதன் செறிவும் குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கும் என்ற என்றியின் விதியே இம்முறைக்கு அடிப்படையாகும். பெரும்பாலான கருவிகள் இவ்விகிதத்தை 2100:1 என எடுத்துக்கொள்கின்றன. அதாவது 2100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் உள்ள எத்தனாலும் 1 மில்லிலிட்டர் குருதியில் உள்ள எத்தனாலும் சமம் எனக் கொள்ளப்படுகிறது.

இவ்வெண் ஒரு மரபே அன்றி மனித உடலின் மாறிலி அன்று. ஆளுக்கு ஆள் இது மாறும். ஒரே ஆளிடமும் குடித்த பின் கழிந்த நேரத்தைப் பொறுத்து மாறும். குருதியில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் எத்தனால் உள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவரது உண்மையான விகிதம் 1800 எனில், 2100 என்ற எண்ணைக் கொண்டு கணக்கிடும் கருவி அவருக்கு ஏறத்தாழ 93 எனக் காட்டும். மற்றவரது விகிதம் 2400 எனில் அதே கருவி 70 எனக் காட்டும். இங்கு கருவியில் எவ்விதப் பழுதும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மனிதர்களின் சராசரி விகிதம் 2300க்கு அருகில் இருப்பதாக அளவீடுகள் காட்டுகின்றன. ஐக்கிய இராச்சியத்தின் சட்டம் இதையொட்டியே அமைந்துள்ளது. அங்கு 100 மி.லி. குருதிக்கு 80 மி.கி. என்ற வரம்புக்கு இணையாக 100 மி.லி. மூச்சுக்காற்றுக்கு 35 நுண்கிராம் என்ற வரம்பு உள்ளது. 2100 என்ற எண்ணைப் பயன்படுத்தும் கருவிகள் சராசரியாக உண்மை அளவைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். நீதிமன்றத்தில் இது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமானது என்பதால் ஏற்றுக்கொள்ளத்தக்கதே. ஆனால் வண்டியின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தன்னைத்தானே சோதித்துக் கொள்பவருக்கு அதே சலுகை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. காவல்துறைக் கருவிகளின் மரபை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவதில் உள்ள முதன்மையான சிக்கல் இதுவே எனலாம்.

வரலாறு

1927இல் எமில் போகன் என்னும் அமெரிக்க மருத்துவர், காற்பந்தின் உட்பையில் மூச்சுக்காற்றைச் சேகரித்து அதிலுள்ள மதுவை அளந்தார். 1930களில் ரோலா ஆர்கர் டிரங்கோமீட்டர் என்ற கருவியை உருவாக்கினார். 1954இல் இந்தியானா மாநிலக் காவல்துறையைச் சேர்ந்த இராபர்ட்டு போர்க்கென்சுட்டைன் கண்டுபிடித்த கருவியின் பெயரே பிரெத்தலைசர். வணிகப் பெயரான அது பின்னர் இவ்வகைக் கருவிகள் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று.

உணரிகளின் வகைகள்

ஒருமுறைக் குழாய்களில் பொட்டாசியம் டைகுரோமேட்டுப் படிகங்கள் அமிலத்துடன் நிரப்பப்பட்டுள்ளன. எத்தனால் பட்டவுடன் மஞ்சள் நிறப் படிகங்கள் பச்சையாக மாறுகின்றன. பச்சை நிறம் குழாயில் குறிக்கப்பட்டுள்ள கோட்டைத் தாண்டினால் வரம்பு மீறப்பட்டதாகக் கொள்ள வேண்டும். மங்கலான வெளிச்சத்தில், குடித்திருக்கும் ஒருவர், மஞ்சளும் பச்சையும் கலந்த எல்லையைச் சரியாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது இதன் குறைபாடு. வேதிப்பொருள் நாட்பட்டால் செயலிழக்கும் என்பதால் இவற்றுக்குக் காலாவதி நாளும் உண்டு.

விலை குறைந்த மின்னணுக் கருவிகளில் பெரும்பாலும் குறைக்கடத்தி உணரிகளே உள்ளன. சூடாக்கப்பட்ட வெள்ளீய ஆக்சைடின் மேல் எத்தனால் ஆவி படும்போது அதன் மின்தடை குறைகிறது. இவ்வகை உணரிகள் உண்மையில் எரிவாயுக் கசிவைக் கண்டறிய உருவாக்கப்பட்டவற்றின் வழிவந்தவை. எனவே எத்தனாலை மட்டும் பிரித்தறியும் திறன் இவற்றுக்குக் குறைவு. அசிட்டோன், கார்பன் மோனாக்சைடு, ஐதரசன் முதலியவற்றுக்கும் இவை துலங்கும். கட்டுப்பாடற்ற நீரிழிவு நோயாளிகள், நீண்ட நேரம் உண்ணாதிருப்பவர்கள் ஆகியோரின் மூச்சில் அசிட்டோன் கூடுதலாக இருக்கும் என்பதால், குடிக்காமலேயே இக்கருவி ஏதேனும் ஓர் எண்ணைக் காட்டக்கூடும். காற்றின் ஈரப்பதமும் வெப்பநிலையும் கூட அளவீட்டைப் பாதிக்கின்றன.

எரிபொருள் கல உணரிகள் விலை கூடியவை. இவற்றில் பிளாட்டின மின்முனையில் எத்தனால் ஆக்சிசனேற்றம் அடைந்து அசிட்டிக் அமிலமாகிறது. அப்போது உண்டாகும் மின்னோட்டம் எத்தனாலின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அசிட்டோனுக்கு இவை பெரும்பாலும் துலங்குவதில்லை. காவல்துறையினர் சாலையில் பயன்படுத்தும் கையடக்கக் கருவிகளும் இவ்வகையினவே. எனினும் "எரிபொருள் கலம்" என்ற சொல் பெட்டியில் இருப்பதாலேயே அக்கருவி காவல்துறைக் கருவிக்கு நிகராகிவிடாது. மூச்சின் மாதிரியை எடுக்கும் முறை, ஊதும் அழுத்தத்தைக் கண்காணித்தல், சீரான இடைவெளியில் அளவுத்திருத்தம் ஆகியவையும் சேர்ந்தே துல்லியத்தைத் தீர்மானிக்கின்றன.

இங்கு திரையில் தோன்றும் எண்ணைப் பற்றியும் கூற வேண்டும். பல கருவிகள் 0.027% என்பது போல மூன்று பதின்ம இடங்கள் வரை காட்டுகின்றன. திரையில் எத்தனை இலக்கம் காட்டுவது என்பது மென்பொருள் எழுதுபவரின் முடிவு. உணரி எத்தனை இலக்கம் வரை உண்மையாக அறிகிறது என்பது வேறு. கருவியின் பிழை வரம்பு ±0.01% எனில், 0.027 என்ற எண் 0.017க்கும் 0.037க்கும் இடையில் எங்கோ என்பதையே குறிக்கும். இந்தியாவின் சட்ட வரம்பான 0.03% இவ்விடைவெளிக்குள்ளேயே அமைந்துவிடுகிறது.

ஒப்பீட்டு ஆய்வுகள்

2014இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வெளியான ஆய்வு இத்துறையில் அடிக்கடி குறிப்பிடப்படுகிறது. ஐக்கிய இராச்சியத்தில் மது விற்க உரிமம் பெற்ற இடங்களில், அடுத்த 6 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டும் எண்ணமில்லாத 208 பேர் இதில் சோதிக்கப்பட்டனர். பொதுமக்களுக்கு விற்கப்படும் இரண்டு ஒருமுறைக் கருவிகளும் ஒரு மின்னணுக் கருவியும் காவல்துறைக் கருவியுடன் ஒப்பிடப்பட்டன. காவல்துறைக் கருவியின்படி 38 பேர் வரம்பை எட்டியோ மீறியோ இருந்தனர்.

மின்னணுக் கருவி அவர்களுள் 89.5% பேரைச் சரியாகக் கண்டறிந்தது. ஒருமுறைக் கருவிகளுள் ஒன்று 94.7% பேரைக் கண்டறிந்தது. மற்றொன்று கண்டறிந்ததோ 26.3% மட்டுமே. அது தவறவிட்டவர்கள் அக்கருவியை நம்பியிருந்தால் வண்டி ஓட்டலாம் என்றே முடிவு செய்திருப்பர்.

இதே கருவி வரம்புக்குள் இருந்தவர்களில் 97.5% பேரைச் சரியாகவே அடையாளம் கண்டது. சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வரம்புக்குள்ளேயே இருந்தமையால், மொத்தமாகக் கணக்கிட்டால் அதன் "துல்லியம்" 80 விழுக்காட்டுக்கும் மேலாக, மற்ற இரண்டையும்விட உயர்வாகத் தோன்றும். தவறவிடக் கூடாதவர்களைத் தவறவிடும் கருவி, ஒற்றை எண்ணில் முதலிடம் பெறுகிறது. மாறாக 94.7% பேரைக் கண்டறிந்த கருவி, வரம்புக்குள் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை மீறியவர்களாகக் காட்டியது. மின்னணுக் கருவி வரம்புக்குள் இருந்தவர்களில் 64.1% பேரை மட்டுமே சரியாகக் காட்டியது.

இவ்வாய்வின் மற்றொரு முடிவு சிந்தனைக்குரியது. எவ்வளவு குடித்தோம் என்பதை அவரவரே கூறிய கணக்கையும் ஆய்வாளர்கள் சோதித்தனர். அந்நாட்டு அளவையில் 5 அலகுகளுக்கு மேல் குடித்தவர் வரம்பை மீறியவர் எனக் கொண்டால், அந்த எளிய விதி மூன்று கருவிகளையும்விடக் கூடுதலானோரைக் கண்டறிந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் பென்சில்வேனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், திறன்பேசியுடன் இணையும் ஆறு கருவிகள் சோதிக்கப்பட்டன. அவற்றின் அளவீடுகள் நேரடியாகக் குருதிச் சோதனையுடன் ஒப்பிடப்பட்டன. கருவிகளிடையே பெரும் வேறுபாடு காணப்பட்டது. இரண்டு கருவிகள், சட்ட வரம்பை எட்டிய நிலையைப் பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் கண்டறியத் தவறின.

பயன்படுத்தும்போது நேரும் பிழைகள்

கடைசி வாய் மதுவைக் குடித்த உடனே ஊதினால், நுரையீரலிலிருந்து வரும் காற்றை அன்றி வாயில் எஞ்சியுள்ள மதுவையே கருவி அளக்கும். ஏப்பம், வாந்தி, எத்தனால் கலந்த வாய்கொப்பளிப்பு நீர்மம் ஆகியவையும் இவ்வாறே எண்ணை உயர்த்தும். இதற்காகக் குறைந்தது 15 நிமிடம் காத்திருக்க வேண்டும் எனக் கையேடுகள் கூறுகின்றன. மூச்சை அடக்கிவைத்து ஊதினால் அளவு கூடும். வேகமாகப் பலமுறை மூச்சுவிட்ட பின் ஊதினால் குறையும். அரைகுறையாக ஊதினால் நுண்ணறைக் காற்று வந்து சேர்வதற்கு முன்பே மாதிரி எடுக்கப்பட்டு, எண் குறைவாகத் தெரியும். உடல் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் அளவீடு ஏறத்தாழ 6.5% கூடும் என்பதால் காய்ச்சல் உள்ளவருக்கு எண் உயரும்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தாலும் நேரம் சார்ந்த சிக்கல் எஞ்சுகிறது. குருதியில் மதுவின் அளவு உச்சத்தை அடையப் பொதுவாகக் கடைசிக் கோப்பைக்குப் பின் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். வயிறு நிறைய உண்டிருந்தால் மேலும் தாமதமாகும். எனவே விருந்து முடிந்த கையோடு ஊதிப் பார்த்து 0.025% எனக் கண்டவர், வீட்டுக்குச் செல்லும் வழியில் 0.03% ஐத் தாண்டக்கூடும். கருவி அந்த நொடியைப் பற்றி மட்டுமே கூறுகிறது. பயணமோ அதன் பின்னரே தொடங்குகிறது.

மறுநாள் காலையில் நிலைமை வேறு. உடல் மணிக்கு ஏறத்தாழ 15 மி.கி. என்ற அளவிலேயே 100 மி.லி. குருதியிலுள்ள மதுவைக் குறைக்கிறது. நள்ளிரவில் 150 மி.கி. இருந்தவருக்குக் காலை 6 மணிக்கும் 60 மி.கி. எஞ்சியிருக்கும். இது இந்திய வரம்பைப் போல் இருமடங்கு. தூங்கி எழுந்ததால் தெளிந்துவிட்டதாக எண்ணுபவரை எச்சரிப்பதில்தான் இக்கருவிகளுக்கு உண்மையான பயன் உண்டு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வெறும் வயிறும், வாயில் எச்சமின்மையும், மெல்ல இறங்குகிற அளவும் அப்போது கருவிக்குச் சாதகமாக அமைகின்றன.

அளவுத்திருத்தம்

எல்லா உணரிகளும் காலப்போக்கில் பிறழ்கின்றன. இதைச் சரிசெய்ய, அறியப்பட்ட செறிவுள்ள எத்தனால் ஆவியைக் கருவிக்குள் செலுத்தி ஒப்பிட வேண்டும். ஒரு லிட்டருக்கு 1.21 கிராம் எத்தனால் கலந்த நீரை 34 பாகை செல்சியசில் வைத்து அதனூடே காற்றைச் செலுத்தினால், 0.10% குருதி மதுவுக்கு இணையான ஆவி கிடைக்கும். காவல்துறையினருக்கு இது வழக்கமான பணி. தனிநபர் கருவிகளையும் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை திருத்துமாறு பல தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கின்றனர். ஆனால் மேசை இழுப்பறையில் ஈராண்டு கிடந்த கருவியும் பொத்தானை அழுத்தியவுடன் அதே உறுதியுடன் எண்ணைக் காட்டும்.

அலகுக் குழப்பம்

சில கருவிகள் குருதியின் விழுக்காட்டிலும், சில ஒரு லிட்டர் குருதிக்கு இத்தனை கிராம் எனவும், சில ஒரு லிட்டர் மூச்சுக்காற்றுக்கு இத்தனை மில்லிகிராம் எனவும் காட்டுகின்றன. இந்திய வரம்பான 100 மி.லி.க்கு 30 மி.கி. என்பது இம்மூன்றிலும் முறையே 0.03, 0.3, 0.14 (2100 விகிதப்படி) ஆகும். கிராம் அலகில் அமைக்கப்பட்டுள்ளதாக எண்ணி, மூச்சுக்காற்று அலகில் 0.25 எனக் காணும் ஒருவர் தாம் வரம்புக்குள் இருப்பதாக நினைப்பார். அவரது உண்மை அளவு 52 மி.கி.க்கு மேல் இருக்கும்.

சட்டமும் தரநிலைகளும்

பொதுமக்களுக்கான கருவிகளுக்கென ஐரோப்பாவில் இஎன் 16280, ஆத்திரேலியாவில் ஏஎசு 3547 ஆகிய தரநிலைகள் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் 2013இல் ஒரு தொலைக்காட்சி முதலீட்டு நிகழ்ச்சியின் வழியே புகழ்பெற்ற பிரெத்தோமீட்டர் என்ற நிறுவனத்தின் மீது கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அரசு ஆய்வகத் தரத்தில் சோதிக்கப்பட்டது என்ற விளம்பரம் பொய்யானது என்றும், ஒரு கருவி உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டுவதை 2014இன் இறுதியிலேயே நிறுவனம் அறிந்திருந்தது என்றும் ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2017 சனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பிரான்சில் 2012 சூலை 1 முதல் ஒவ்வொரு ஊர்தி ஓட்டுநரும் பயன்படுத்தப்படாத ஒரு மூச்சுச் சோதனைக் கருவியை ஊர்தியில் வைத்திருக்க வேண்டும் எனச் சட்டம் வந்தது. இல்லாதவர்களுக்கு 11 யூரோ தண்டம் விதிக்கும் திட்டம் முதலில் தள்ளிப்போடப்பட்டு, 2013இல் காலவரையின்றி நிறுத்தப்பட்டது. கட்டாயமும் 2020 மே மாதத்தில் நீக்கப்பட்டது.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மி.லி. குருதியில் 30 மி.கி.க்கு மேல் மதுவுடன் ஊர்தி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 203ஆம் பிரிவின் கீழ் மூச்சுச் சோதனையை நடத்தும் அதிகாரம் சீருடையில் உள்ள காவல் அலுவலர் முதலியோருக்கு உரியது. சொந்தக் கருவி காட்டிய எண், அவரது கருவி காட்டும் எண்ணுக்கு மாற்றாக ஏற்கப்படுவதில்லை.