வெ. ஸ்ரீராம்

பிரெஞ்சு இலக்கியத்தை ஆங்கிலத்தின் வழியாக அல்லாமல் மூலத்திலிருந்தே தமிழுக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர். இவருடைய முக்கியமான நூல்களைச் சென்னை க்ரியா பதிப்பகம் வெளியிட்டது. எஸ். ராமகிருஷ்ணன் (இறப்பு: 2020) நிறுவிய க்ரியா, சொல் சொல்லாகச் செம்மைப்படுத்தும் பதிப்புமுறைக்குப் பெயர் பெற்றது.

1942இல் வெளிவந்த ஆல்பெர் காம்யுவின் நாவல் 1980இல் ‘அந்நியன்’ ஆகத் தமிழில் வந்தது. தாயின் சாவையும் கொலையையும் ஒரே தட்டையான குரலில் சொல்லும் கதைசொல்லி அதற்கு முன் தமிழ் உரைநடைக்குப் பழக்கமில்லாதவன். அந்தக் குரலுக்கு உணர்ச்சி சேர்க்காமல், குறுகிய வாக்கியங்களை ஒட்டவைக்காமல் விட்டதே ஸ்ரீராமின் பெரிய சாதனை. பின்வந்த தமிழ்ப் புனைகதைகளைப் படிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

அந்த்வான் து செந்த்-எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ ச. மதனகல்யாணியுடன் சேர்ந்து செய்தது. நாடகத்தில், 1944இல் பாரிசில் மேடையேறிய சார்த்ருவின் படைப்பை ‘மீள முடியுமா?’ என்று பெயர்த்தார். இறந்த மூவர் ஓர் அறையில் அடைபட்டுக் கிடக்கும் கதை அது. ழாக் ப்ரெவெரின் கவிதைகள் ‘சொற்கள்’ என்ற தலைப்பில் வந்தன. காம்யு முடிக்காமல் விட்டுச்சென்று, 1994இல் பிரான்சில் அச்சேறிய தன்வரலாற்று நாவலையும் ‘முதல் மனிதன்’ என்று மொழிபெயர்த்தார்.

பிரெஞ்சு அரசு இவருக்குச் செவாலியே விருது வழங்கியது.