கோலார் நிகழ்வுகள்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் பதிவாகி 1975இல் அறிவிக்கப்பட்ட விநோதமான துகள் தடங்களே கோலார் நிகழ்வுகள். இவற்றுக்கு இன்றுவரை உறுதியான விளக்கம் கிடைக்கவில்லை.

விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்கள் தரைமட்டத்தில் எந்த அரிய துகளையும் தம் இரைச்சலில் மறைத்துவிடும். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கம் இந்த இரைச்சலிலிருந்து தப்ப வழி தந்தது. 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையே வடிகட்டி. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுக்கள் இங்கே கருவிகளை நிறுவி, காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்கும், பாறையையும் ஊடுருவும் நியூட்ரினோ துகளை 1965இல் கண்டறிந்தன. தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் பிரெடரிக் ரைன்ஸ் குழுவும் அதே ஆண்டில் அதைக் கண்டது.

அதே ஆழத்தில்தான் புதிரும் எழுந்தது. நியூட்ரினோ மோதுவதென்றால் அடர்ந்த பாறையிலோ இரும்பிலோ மோத வேண்டும். சில தடங்களோ பாறைச் சுவருக்கும் கருவிக்கும் இடைப்பட்ட வெறும் காற்றில் ஒரு புள்ளியிலிருந்து கிளைத்திருந்தன. பாறையில் பிறந்த புதிய துகள் ஒன்று வெளியே பாய்ந்து காற்றில் சிதைந்திருக்கலாம் என்று எம்.ஜி.கே. மேனன், வி.எஸ். நரசிம்மம் உள்ளிட்டோர் எழுதினர். அதன் நிறை புரோட்டானைப் போல் 2 முதல் 5 மடங்கு. ஆயுள் விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவு என்பது அவர்கள் கணிப்பு.

அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகமும் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகமும் உடனே தேடின. அகப்படவில்லை.

கோலாரில் தேடல் நிற்கவில்லை. புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க, 1980இல் 140 டன் இரும்புக் கருவி இயங்கத் தொடங்கியது. அதில் சிதைவுபோல் தோன்றியவற்றைப் பின்வந்த பெரிய கருவிகள் உறுதிப்படுத்தவில்லை. 1992இல் ஆய்வுகள் முடிவுக்கு வந்தன.

சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் 2014இல் பழைய பதிவுகளைத் திரும்ப எடுத்தனர். கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளின், பேரண்டத்தின் வயதை ஒத்த ஆயுளுடைய துகள் சிதைந்த தடங்களாக அவை இருக்கலாம் என்றனர். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் கருவியால் இதைச் சோதிக்க முடியும். அதன் சிறு மாதிரியான 85 டன் கருவி 2018இல் மதுரையில் இயங்கத் தொடங்கியது. ஆனால் அது தரைமட்டத்தில் இருப்பதால் ஆழத்தின் அமைதி அதற்கு வாய்க்காது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் புலி வழித்தடத்தைக் காக்க வேண்டும் என்று கூறி, 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு பொட்டிப்புரம் திட்டத்தை எதிர்த்தது. ஆழத்தில் மீண்டும் ஒரு பெருங்கருவி தேடும்வரை, கோலார் நிகழ்வுகளைப் புதிய துகள் என்று ஏற்கவும் முடியாது, பிழையென்று தள்ளவும் முடியாது.