லாஜிஸ்டிக்ஸ் படிக்கிறீங்களா? சரளமா இங்கிலீஷ் பேசினா மட்டும் போதுமா? கத்துக்க வேண்டியது என்ன?

பி.பி.ஏ, பி.காம், எம்.பி.ஏ என லாஜிஸ்டிக்ஸ் படிப்புகள் இப்போது தமிழ்நாட்டின் பல கல்லூரிகளில் இருக்கின்றன. சென்னை, எண்ணூர் காமராஜர், தூத்துக்குடி வ.உ.சி. என மூன்று பெருந்துறைமுகங்கள் உள்ள மாநிலம் என்பதால், வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மாணவர்கள் சேர்கிறார்கள். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்து வந்த பலருக்கு பயமே பாடத்தைப் பார்த்து இல்லை. "இங்கிலீஷ் சரளமா வராதே, கம்பெனியில எடுப்பாங்களா?" என்பதுதான் அவர்களின் கவலை.

இந்தத் துறைக்குத் தேவையான இங்கிலீஷ் எது என்று தெரிந்துகொண்டால், அந்த பயத்தில் பாதி குறைந்துவிடும்.

துறைக்கான இங்கிலீஷ் என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட தொழிலில் புழங்கும் சொற்கள், ஆவணங்கள், உரையாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்லித்தரும் இங்கிலீஷ் இது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது தனிப் பாடமாகவே இருக்கிறது. இங்கே கதையும் கட்டுரையும் பாடம் இல்லை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், சேதம் குறித்த அறிக்கை, ஏஜென்ட்டுக்கு அனுப்பும் இமெயில் ஆகியவைதான் பாடம்.

உச்சரிப்பு அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு இந்தத் தொழிலில் என்ன பொருளோ, அதே பொருளில்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். அகராதி சொல்லும் பொருளை நம்பினால் சிக்கல்தான். 'ஃப்ரைட்' என்றால் சரக்கு, சரக்குக் கட்டணம் என இரண்டுமே உண்டு. 'ஷிப்' என்ற வினைச்சொல்லை லாரியில் அனுப்பும் சரக்குக்கும் சொல்வார்கள்.

மூணு எழுத்தில் முடிவாகும் பணம்

உதாரணமாக, திருப்பூரில் இருந்து பனியன் துணிகள் தூத்துக்குடி வழியாக ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் 'சி.ஐ.எஃப் ஹாம்பர்க்' என்று இருக்கிறது. ஹாம்பர்க் போய்ச் சேரும் வரை சரக்கு திருப்பூர்க்காரரின் பொறுப்பு என்றுதான் புதிதாக வேலைக்கு வரும் பலரும் நினைப்பார்கள்.

அது தவறு. கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவர் கட்டுகிறார். ஆனால் தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறியதுமே, சேதத்துக்கான ரிஸ்க் வாங்குபவருக்குப் போய்விடுகிறது. நடுக்கடலில் புயலில் சரக்கு நாசமானால், காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வேண்டியவர் ஜெர்மனிக்காரர்தான். அதிலும் விற்பவர் எடுத்துத்தர வேண்டியது குறைந்தபட்சக் காப்பீடு மட்டுமே. 'எஃப்.ஓ.பி' என்று இருந்தாலும் ரிஸ்க் மாறும் இடம் அதேதான். ஆனால் கப்பல் கட்டணம் வாங்குபவர் தலையில் விழும்.

இந்தச் சுருக்கெழுத்துகளுக்கு 'இன்கோடெர்ம்ஸ்' என்று பெயர். சர்வதேச வணிக சபை 1936-ல் இவற்றை முதலில் வெளியிட்டது. இப்போது நடப்பில் இருக்கும் 2020 பதிப்பில் மொத்தம் 11 விதிகள் உள்ளன. கன்டெய்னரில் போகும் சரக்குக்கு எஃப்.ஓ.பி.யை விட 'எஃப்.சி.ஏ' பொருத்தம் என்று அந்த சபையே சொல்கிறது. காரணம், கன்டெய்னர் கப்பலில் ஏறுவதற்கு முன்பே டெர்மினலில் ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது.

டெமரேஜ், டிடென்ஷன்: ரெண்டும் ஒண்ணா?

கேட்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் இரண்டும் வேறு. இறக்குமதியான கன்டெய்னர், இலவச நாட்கள் முடிந்த பிறகும் டெர்மினலுக்குள்ளேயே கிடந்தால் விழும் கட்டணத்தை பொதுவாக டெமரேஜ் என்பார்கள். வெளியே எடுத்துப்போன கன்டெய்னரை காலியாக்கி உரிய நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் விழுவது டிடென்ஷன். கட்டணம் நாள் கணக்கில் ஏறும். இமெயிலில் ஒன்றுக்கு பதில் மற்றொன்றை எழுதிவிட்டால், யார் கட்டுவது என்ற தகராறு முடியும் வரை பில் ஏறிக்கொண்டே போகும்.

'கிளீன்' பில் என்பதும் இப்படித்தான். அது சுத்தமான காகிதத்தைக் குறிப்பது இல்லை. சரக்கோ பேக்கிங்கோ வெளிப்பார்வைக்கு சேதமாக இருந்தது என்ற குறிப்பு எதுவும் இல்லாத பில் ஆஃப் லேடிங் அது. லெட்டர் ஆஃப் கிரெடிட் மூலம் பணம் வரும் ஏற்றுமதியில் வங்கிகள் எதிர்பார்ப்பது இந்த கிளீன் பில்லைத்தான். அதனால்தான் நனைந்தது, கிழிந்தது, நசுங்கியது, எண்ணிக்கை குறைந்தது ஆகியவற்றுக்குத் தனித்தனி இங்கிலீஷ் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 'டேமேஜ்' என்று எழுதினால் இழப்பீடு கேட்கும்போது நிற்காது.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில்?

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி உட்பட பல காரணங்கள் இருந்தன. அதில் ஒன்று, ரேடியோவில் பேசிய வார்த்தை. 'டேக்-ஆஃப்' நிலையில் இருக்கிறோம் என்று ஒரு விமானத்தில் இருந்து தகவல் வந்தது. கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறையில் எடுத்துக்கொண்டார்கள். விமானமோ ஓடவே தொடங்கிவிட்டது.

இப்போது டேக்-ஆஃப் என்ற சொல்லை அதற்கான அனுமதியைத் தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்வார்கள். மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'தான். சர்வதேச விமானங்களை ஓட்டும் விமானிகளுக்கு ஐ.சி.ஏ.ஓ அமைப்பின் 6 நிலை மொழித்தேர்வில் குறைந்தது 4-ம் நிலை தேவை.

கப்பல்களுக்கு 2001-ல் சர்வதேச கடல்சார் அமைப்பு 'எஸ்.எம்.சி.பி' என்ற வாக்கியத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. இதில் 15, 50 என்ற எண்களை 'ஒன்-ஃபைவ்', 'ஃபைவ்-ஜீரோ' என்று பொதுவாக இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். 'மே', 'குட்' போல இரண்டு பொருள் தரும் சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. சொல்வது எச்சரிக்கையா, அறிவுரையா, கேள்வியா என்பதை முதல் சொல்லிலேயே தெரிவிக்கவும் வழி செய்கிறது. பல மொழிக்காரர்கள் சேர்ந்து வேலை செய்யும் இடம் என்பதால், எளிய இங்கிலீஷ்தான் அங்கே பாதுகாப்பு.

நம்ம ஊர் இங்கிலீஷில் கவனிக்க வேண்டியவை

* 'ரிவர்ட்' என்றால் நம் ஆபீஸ்களில் பதில் அனுப்புவது. வெளிநாட்டவர் பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. 'ரிப்ளை' என்று எழுதுவது நல்லது.
* 'டூ தி நீட்ஃபுல்' வேண்டாம். எந்த ஆவணம், எந்தத் தேதிக்குள் என்று நேரடியாகக் கேளுங்கள்.
* லட்சம், கோடி கணக்கு எல்லோருக்கும் புரியாது. 10 லட்சத்தை ஒரு மில்லியன் என்று எழுத வேண்டும்.
* 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்காவில் மே 6. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள்.
* மெட்ரிக் டன் 1,000 கிலோ. அமெரிக்க டன் சுமார் 907 கிலோ. எந்த டன் என்று குறிப்பிடுங்கள்.

காலேஜில் படிக்கும்போதே என்ன செய்யலாம்?

ஒரு பில் ஆஃப் லேடிங் மாதிரிப் படிவத்தை எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் யார், எதை எழுத வேண்டும் என்று சொல்லிப் பழகலாம். 'ஷிப்பர்', 'கன்சைனி', 'நோட்டிஃபை பார்ட்டி' மூவரும் யார் என்று தெரிந்தாலே பாதிப் படிவம் புரிந்துவிடும். ஒப்பந்தத்தில் 'ஷல்' என்றால் கட்டாயம், 'மே' என்றால் விருப்பம் என்பது போன்ற வித்தியாசங்களைத் தனியாகக் குறித்து வைக்கலாம். நண்பருடன் சேர்ந்து ஒருவர் ஏஜென்ட்டாகவும் இன்னொருவர் வாடிக்கையாளராகவும் போனில் பேசிப் பார்க்கலாம். கன்டெய்னர் எண்ணை ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுதித் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லி உறுதி செய்வது இந்தத் துறையின் அடிப்படைப் பழக்கம்.

இன்டர்ன்ஷிப் கிடைத்தால், அங்கே வரும் இமெயில்களை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். கப்பல் பெயர், கன்டெய்னர் எண், தேதி, என்ன வேண்டும் என்ற கேள்வி, அவ்வளவுதான்.

படிக்க வேண்டிய சொற்கள் நிறைய இருப்பது போலத் தெரியலாம். ஆனால் தினசரி வேலையில் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம்தான். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவருக்கும் டெமரேஜும் எஃப்.சி.ஏ.வும் முதல் நாளில் புதுசுதான். அந்த இடத்தில் தமிழ் மீடியம் மாணவரும் அவரும் ஒரே கோட்டில் இருந்துதான் தொடங்குகிறார்கள்.