செட்டிநாட்டில் மனை வாங்கப் போறீங்களா? தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்னு மேப்பிலேயே பார்க்கலாம்!

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் மனை பார்க்கப் போனால் தரை தாம்பாளம் மாதிரி சமமாத்தான் தெரியும். ஆனால் மழைத் தண்ணீருக்கு மேடு பள்ளம் நல்லாவே தெரியும். அதை முன்கூட்டியே பார்க்க உதவுவது, 1767-ல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறையின் தலப்படம், அதாவது டோப்போ மேப். 1:50,000 அளவிலான இந்தப் படங்களை 2017 முதல் ஆன்லைனில் பிடிஎஃப் ஆக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

தூரத்தை அளப்பது எப்படி?

மேப்பில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. சாலை வளைஞ்சு போனால் அதன்மேல் ஒரு நூலை ஒட்டி வைத்து, பிறகு நூலை அளக்கணும். நூல் 23 செ.மீ. வந்தால் தூரம் 11.5 கி.மீ. ஒரு எச்சரிக்கை: செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தால் இந்தக் கணக்கு செல்லாது. படத்தின் அடியில் இருக்கும் அளவுகோல் கோட்டோடு ஒப்பிட்டுத்தான் அளக்கணும்.

பரப்பளவு?

மேப் பிரிண்ட்டின் மேல் கிராஃப் கட்டங்களை வைத்து எண்ணினால் போதும். பாதிக்கு மேல் நிரம்பிய கட்டத்தைச் சேர்த்துக்கோங்க, மற்றதை விடுங்க. 1 மி.மீ. கட்டம் ஒன்று சுமார் 62 சென்ட். நாலு கட்டம் ஒரு ஹெக்டேர்.

சரிவுதான் முக்கியம்

பழுப்பு நிறக் கோடுகள் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைப்பவை. அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு உயர வித்தியாசம் பொதுவாக 20 மீட்டர். அதைத் தரைத் தூரத்தால் வகுத்தால் சரிவு கிடைக்கும். கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் நெருங்கி நின்றால், தரையில் அது 100 மீட்டர். 5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். பிரான்மலை மாதிரி மலைகளில்தான் கோடுகள் இப்படி நெருங்கும். அதுவே 8 செ.மீ. இடைவெளி என்றால் 200 மீட்டருக்கு 1 மீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தண்ணீர் ஓட அதுவே தாராளம்.

சமவெளியில் ஒரு முழு கண்மாயே இரண்டு கோடுகளுக்கு நடுவில் அடங்கிவிடும். அப்போ என்ன செய்வது? கண்மாய்க் கரையைப் பாருங்க. கரை எப்பவும் தாழ்வான பக்கத்தில்தான் போட்டிருப்பாங்க; இந்த வட்டாரத்தில் நிலம் பொதுவாக கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. கரை இல்லாத மேட்டுப் பக்கத்திலிருந்துதான் வரத்துக் கால்வாய் வரும். நிரம்பியதும் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். இந்தப் பாதையில் உங்க மனை விழுதா என்பதுதான் கேள்வி.

மனையின் எல்லையை மட்டும் இதில் தேடாதீங்க. 1 மி.மீ.க்குள் 50 மீட்டர் அடங்கிவிடும். அதற்கு வருவாய்த் துறையின் புலப்படம், அதாவது எஃப்எம்பி வேணும்.