பாடாமல் நின்ற பிள்ளைகள்

நம்ம பள்ளிக்கூடங்களில் குடிமையியல் என்றால் சமூக அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பகுதி. வரலாறு முடிந்து, புவியியல் முடிந்து, பரீட்சை நெருங்கும்போது ஒரு வாரத்தில் ஓட்டிவிடுவார்கள். அடிப்படை உரிமைகள் ஆறு, அடிப்படைக் கடமைகள் பதினொன்று, மாநிலங்களவை உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். மனப்பாடம் செய்தால் மார்க் வந்துவிடும்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. உரிமைகளைப் பாடமாக நடத்துகிற அதே பள்ளிக்கூடத்துக்குள், ஒரு மாணவன் அந்த உரிமையை நிஜமாகவே எடுத்துப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? இதற்குப் பாடப்புத்தகத்தைவிட நீதிமன்றத் தீர்ப்புகளில்தான் நல்ல பதில் இருக்கிறது. அதில் ஒன்று பக்கத்திலேயே, கேரளாவில்.

1985. கோட்டயம் மாவட்டத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி. ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு பையன், ஒன்பதிலும் ஐந்திலும் அவனது தங்கைகள். குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தது. கடவுளுக்குச் செய்யும் பிரார்த்தனையைத் தவிர வேறு எந்தச் சடங்கிலும் கலந்துகொள்ளக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. காலை பிரேயரில் தேசிய கீதம் பாடும்போது மூன்று பேரும் எழுந்து மரியாதையாக நிற்பார்கள். பாட மாட்டார்கள், அவ்வளவுதான். இவர்களுடைய அக்காமார்களும் முன்பு அதே பள்ளியில் இப்படித்தான் நின்றிருக்கிறார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஜூலையில் ஒரு எம்.எல்.ஏ. கண்ணில் இது பட்டது. சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரிக்க ஒரு ஆணையம் போட்டார்கள். பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், தேசிய கீதத்தை எந்த விதத்திலும் அவமதிக்கவில்லை என்று ஆணையமே அறிக்கை கொடுத்தது. ஆனாலும் கல்வித்துறை மேலதிகாரி சொன்னதன் பேரில், ஜூலை 26-ஆம் தேதி தலைமை ஆசிரியை மூன்று பேரையும் பள்ளியிலிருந்து நீக்கினார். அரசு ஒரு முடிவு எடுக்கும்வரையாவது வகுப்பில் உட்கார விடுங்கள் என்று அப்பா கேட்டுப் பார்த்தார். தன் கையில் எதுவும் இல்லை என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

கேரள உயர் நீதிமன்றத்தில் முதலில் தனி நீதிபதி, அப்புறம் இரண்டு நீதிபதிகள் அமர்வு, இரண்டிலும் தோல்வி. தேசிய கீதத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தோம், யாருடைய மத உணர்வையும் புண்படுத்துகிற எதுவும் அதில் இல்லை என்பது உயர் நீதிமன்றத்தின் வாதம். உண்மைதான், அதில் ஒன்றும் இல்லைதான். ஆனா கேள்வி அதுவா?

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பிஜோ இமானுவேல் எதிர் கேரள மாநிலம் என்ற அந்தத் தீர்ப்பை வாசிக்கும்போது, அது நடுவில் அமெரிக்காவுக்குப் போகிறது. நாமும் போய்விட்டு வரலாம். கதையின் கனமான பகுதி அங்கேதான் இருக்கிறது.

1935-ல் பென்சில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்ற சின்ன ஊர். அங்கே பன்னிரண்டு வயது லில்லியனும் பத்து வயதுத் தம்பி வில்லியமும் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். அவர்களும் யெகோவாவின் சாட்சிகள்தான். பள்ளி நீக்கியது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் பிள்ளைகள் பக்கம் நின்றன. ஆனால் 1940 ஜூன் 3-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளி செய்தது சரி என்று சொல்லிவிட்டது. தேதியைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் ஹிட்லரின் படை பிரான்சுக்குள் புகுந்துவிட்டது. தேச ஒற்றுமைதான் தேசப் பாதுகாப்பின் அடிப்படை, அதை எப்படி வளர்ப்பது என்பதைப் பள்ளி நிர்வாகம் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதினார் நீதிபதி ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர்.

இவரை வில்லன் ஆக்கிவிட முடியாது. வியன்னாவில் பிறந்த யூதர். பன்னிரண்டு வயதில் ஆங்கிலம் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் நியூயார்க் வந்து, அரசுப் பள்ளியில் படித்து முன்னுக்கு வந்தவர். பள்ளிக்கூடம்தான் ஒருவனைக் குடிமகனாக்குகிறது என்பது அவர் வாழ்ந்து பார்த்த உண்மை. நான் இவருடைய கட்சி இல்லை. ஆனால் இந்த வாதத்துக்கு இவரைவிடத் தகுதியான ஆள் கிடைக்க மாட்டார்.

தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே பல ஊர்களில் கும்பல்கள் இந்தப் பிரிவினரை அடித்து விரட்ட ஆரம்பித்தன. மெய்ன் மாநிலத்தில் அவர்கள் கூடும் கட்டடத்தையே எரித்தார்கள்.

நம்ம விஷயத்துக்கு முக்கியமானது அடுத்து மேற்கு வர்ஜீனியாவில் நடந்தது. அந்த மாநிலம் எல்லாப் பள்ளிகளிலும் வரலாறு, குடிமையியல், அரசியலமைப்பு ஆகியவற்றைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டது. கேட்க நல்ல சட்டம்தானே? அந்தச் சட்டத்தை வைத்துத்தான் மாநிலக் கல்வி வாரியம் 1942 ஜனவரியில் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கியது. மறுத்தால் கீழ்ப்படியாமை என்று சொல்லி நீக்குவார்கள். நீக்கப்பட்ட பிள்ளை பள்ளிக்கு வராததால் ‘சட்டவிரோதமாக வராதவர்’ ஆகிவிடும். அதற்காகப் பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை ஜெயில். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்த லாஜிக் பழக்கமானது. வெளியே தள்ளுவதும் நீயே, ஏன் வெளியே நிற்கிறாய் என்று எரர் கொடுப்பதும் நீயே.

வணக்கம் என்றால் இப்போது போல நெஞ்சில் கை வைப்பது இல்லை. அன்று கையை முன்னால் விறைப்பாக நீட்டுவார்கள். 1892-லிருந்து இருந்த வழக்கம்தான். ஆனால் நாஜி வணக்கம் மாதிரியே தெரிகிறதே என்று 1942 டிசம்பரில்தான் மாற்றினார்கள்.

பார்னெட் குடும்பத்தின் இரண்டு சிறுமிகள் நீக்கப்பட்ட வழக்கு 1943-ல் உச்ச நீதிமன்றம் வந்தது. மூன்றே வருடத்தில் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திருப்பிப் போட்டது. இந்த முறை ஆறுக்கு மூன்று. எழுதியவர் ராபர்ட் ஜாக்சன், பின்னாளில் நூரம்பெர்க் விசாரணையில் அமெரிக்கத் தரப்பு தலைமை வழக்கறிஞராக இருந்தவர். (இரண்டு வழக்கிலும் குடும்பப் பெயரை நீதிமன்றப் பதிவில் தப்பாகத்தான் எழுதினார்கள். அந்தத் தப்புப் பெயர்களே சட்ட வரலாற்றில் நிலைத்துவிட்டன.)

ஜாக்சன் ஒரு கோடு போடுகிறார். அரசு குடிமையியல் கற்பிக்கலாம். நாட்டின் வரலாறு, அரசமைப்பு, உரிமைகள் எல்லாவற்றையும் மாணவருக்குத் தெரியப்படுத்தலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளச் செய்வது வேறு, ‘இதை நான் நம்புகிறேன்’ என்று வாயால் சொல்ல வைப்பது வேறு. இரண்டாவதுக்கு அரசுக்கு அதிகாரம் கிடையாது. இன்னொன்றும் சொல்கிறார். குடிமக்களை உருவாக்கும் இடம் என்பதாலேயே பள்ளி இந்தச் சுதந்திரங்களில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புத்தகத்தில் இருப்பதெல்லாம் வெறும் அலங்கார வார்த்தை என்ற பாடத்தைத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டர் மாறவில்லை. வரலாற்றிலேயே அதிகம் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையில் பிறந்தவன் நான், எனக்கும் இந்தப் பிள்ளைகள் மேல் அக்கறை உண்டு, ஆனால் என் சொந்த விருப்பத்தைச் சட்டம் ஆக்க முடியாது என்கிற ரீதியில் மாற்றுத் தீர்ப்பு எழுதினார்.

இனி டெல்லி. 1986 ஆகஸ்ட் 11-ஆம் தேதி நீதிபதிகள் சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் அமர்வு தீர்ப்பு சொன்னது. நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்பது கேள்வியே இல்லை, அவர்கள் அதை மனசாட்சிப்படி நிஜமாக நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி. தேசிய கீதத்தைப் பாடியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம்கூட, பாடுகிறவர்களைத் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தில் இடையூறு செய்பவரையும்தான் தண்டிக்கிறது. கேரளக் கல்வித்துறை கையில் இருந்தது 1961, 1970 வருடச் சுற்றறிக்கைகள். சுற்றறிக்கை சட்டம் ஆகாது, அதை வைத்து 19, 25-ஆம் பிரிவு உரிமைகளைப் பறிக்க முடியாது. அடிப்படைக் கடமைகள் பற்றிய 51ஏ பிரிவு தேசிய கீதத்தை மதிக்கச் சொல்கிறதே? எழுந்து நிற்பதே மரியாதைதான். பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குள் ஒரு வருடம் தாண்டிவிட்டது.

இந்தக் கடமைகள் 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-ஆவது திருத்தத்தில் வந்தவை. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் இல்லை. அப்போது பத்து, 2002-ல் பதினொன்று ஆனது. பள்ளிகளில் கடமைகளை எப்படிக் கற்பிப்பது என்று ஆராய 1998-ல் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் தனிக் குழுவே போட்டார்கள். அதிகாரம் உள்ளவர்களுக்குக் குடிமையியல் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது கடமைதான் போல. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் இதை வெளிப்படையாகவே எழுதியது. ‘சிவிக்ஸ்’ என்ற பாடம் இந்தியாவில் காலனி ஆட்சியில் விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் வளர்க்க வந்தது, அந்தப் பெயரே வேண்டாம் என்றது. அதன்பின் வந்த என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ‘சமூக, அரசியல் வாழ்க்கை’ என்று பெயர் மாறியது.

2020 ஜனவரியில் மகாராஷ்டிரா அரசு, காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகவுரையை எல்லா மாணவர்களும் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எனக்குப் பிடித்த உத்தரவுதான். எல்லாரும் தினமும் கேட்க வேண்டிய வாசகம்தான் அது. ஆனால் ஒரு சிறுமி அதை வாசிக்காமல் மரியாதையாக நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சிந்தனையிலும் நம்பிக்கையிலும் சுதந்திரம் என்று சொல்கிற அந்த வாசகத்தைச் சொல்லவில்லை என்பதற்காகத் தலைமை ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு என்ன கேட்பார்?

ஒன்பதாம் வகுப்பில் இதை வைத்து ஒரு பீரியட் நடத்திப் பார்க்கலாம். பிஜோ இமானுவேல் தீர்ப்பு அப்படி ஒன்றும் நீளமில்லை. சுருக்கி எளிய தமிழில் இரண்டு பக்கம் ஆக்கலாம். பாதி வகுப்பு பிள்ளைகள் பக்கம் பேசட்டும், பாதி வகுப்பு ஃபிராங்க்ஃபர்ட்டர் பக்கம். அந்தத் தலைமை ஆசிரியை பக்கம் பேச ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். அவருக்குத்தான் கஷ்டமான வேலை.